கொழும்பில் மணி என்ன? எந்த ஆண்டில்?

விண்டோஸ் கணினியில் நேரத்தைச் சரிசெய்யப் போனால் நகரங்களின் நீண்ட பட்டியல் ஒன்று விழும். அதில் 5:30 என்ற இடத்தில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி’ என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் கீழே மறுபடியும் அதே 5:30, இம்முறை ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்று. இரண்டையும் மாறி மாறித் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், திரை மூலையில் உள்ள மணி ஒரு நிமிடம்கூட அசையாது. பிறகு எதற்கு இரண்டு வரி? இலங்கைக்காரர் மனம் நோகக்கூடாது என்று வைத்தார்களா?

அப்படியில்லை. இன்று சென்னையில் பத்து மணி என்றால் கொழும்பிலும் பத்து மணிதான். ஆனால் 2000ஆம் ஆண்டில் சென்னையில் பத்து மணி அடித்தபோது கொழும்பில் பத்தரை. 1996 ஆகஸ்டில் பதினொன்று. கணினிக்கு இன்றைய மணி மட்டும் தெரிந்தால் போதாது. பழைய கடிதம், பழைய கணக்கு, பழைய பிறந்த நேரம் எதைத் திறந்தாலும் அந்த நாளில் அந்த ஊர்க்காரர் மணிக்கூட்டில் என்ன பார்த்தார் என்பதும் தெரிய வேண்டும். சென்னைக்கும் கொழும்புக்கும் அந்த வரலாறு வேறு வேறு. ஆகவே இரண்டு வரி.

இங்கே இரண்டு விஷயங்களை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்து ஒரு ஊர் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது நேர வேறுபாடு. அது வெறும் எண். நேர வலயம் என்பது அந்த எண் எந்தத் தேதியில் என்னவாக இருந்தது என்ற முழுப் பதிவு. ‘கொழும்பு 5:30’ என்பது வங்கிக் கணக்கின் இன்றைய மீதி மாதிரி. வரவு செலவு எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும்.

கொழும்பின் புத்தகத்தைப் புரட்டுவோம். கொழும்பு ஏறத்தாழ 79.9 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம் எடுக்கும். பெருக்கினால் கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணித்தியாலம் 19 நிமிடம் முன்னால் வரும். சூரியன் சொல்லும் நேரம் அதுதான். 1880 முதல் தீவில் இருந்த நேரமும் ஏறக்குறைய அதுவே: 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. கொழும்புக்குத் தெற்கே உள்ள மொறட்டுவையின் பெயரால் அதை மொறட்டுவ நேரம் என்றார்கள். 32 விநாடி வரைக்கும் கணக்கு வைத்திருந்ததைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்து மணி வைத்த காலத்தில் இது சாதாரணம்.

1906 ஜனவரி 1 அன்று இந்தியாவும் இலங்கையும் ஐந்தரைக்கு வந்தன. 82.5 பாகை நெடுங்கோட்டின் நேரம் அது. வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை: அது இலங்கையைத் தொடுவதே இல்லை. தீவின் கிழக்கு முனை 82 பாகையை எட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. கோடு அப்பால் கடலில் போகிறது. ஆக, கொழும்பு மணிக்கூடு சூரியனைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. மணி பன்னிரண்டு என்றாலும் சூரியன் உச்சிக்கு வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இது பின்னால் வரும் கதையில் சேரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குலுக்கல் இரண்டாம் உலகப் போரில். 1942 ஜனவரி 5 அன்று நேரம் அரை மணித்தியாலம் முன் தள்ளப்பட்டு ஆறு ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 அன்று இன்னொரு அரை, ஆறரை. இந்தியாவும் அந்த செப்டெம்பரில் ஆறரைக்குப் போனது. இடையில் ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. போர் முடிந்து, 1945 அக்டோபர் நடுவில் நேரம் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அப்புறம் ஐம்பது ஆண்டு யாரும் மணிக்கூட்டைத் தொடவில்லை.

1996இல் தொட்டார்கள், மழை பெய்யாததால்.

மழைக்கும் மணிக்கூட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு தண்ணீரிலிருந்து வந்தது. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா என்று மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நாட்டில் வெளிச்சம். வற்றினால் மின்வெட்டு. 1996இல் வறட்சி, நீண்ட நேர மின்வெட்டு. சந்திரிகா குமாரதுங்க அரசு மே 25 அன்று நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. 24ஆம் தேதி இரவு பன்னிரண்டு அடிக்க வேண்டிய நொடியில் மணி ஒன்று.

அந்தக் கணக்கு இப்படி. இலங்கையில் மின்சாரம் அதிகமாகச் செலவாவது பொழுதுபட்ட பிறகு. விளக்கு, தொலைக்காட்சி, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில். மே மாதக் கடைசியில் கொழும்பில் சூரியன் மறைவது மாலை 6:22 போல. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளினால் அதே மறைவு 7:22 ஆகிவிடும். ஆனால் மனிதர் படுப்பது வழக்கம்போல் பத்து மணிக்குத்தான். ஆகவே விளக்கு எரியும் நேரம் ஒரு மணித்தியாலம் குறையும். சூரியனை யாரும் அசைக்கவில்லை. எல்லாரையும் ஒரு மணித்தியாலம் முந்தி எழுப்பி, முந்திப் படுக்கவைத்தார்கள். ‘நாளையிலிருந்து அலுவலகங்கள் ஒரு மணித்தியாலம் முந்தித் திறக்கும்’ என்று சொன்னால் ஊரே எதிர்க்கும். மணிக்கூட்டைத் திருப்பினால் அதே வேலை சத்தமில்லாமல் நடக்கும்.

இந்தத் தந்திரம் கொழும்பில் பிறந்ததல்ல. நியூசிலாந்தில் பூச்சிகளை ஆராய்ந்த ஜோர்ஜ் ஹட்சன் என்பவர் 1895இலேயே இதை முன்வைத்தார், வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டுமே. இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1907இல் இதற்காகத் துண்டுப்பிரசுரமே போட்டார். இருவர் பேச்சும் உடனே எடுபடவில்லை. 1916 ஏப்ரல் 30 அன்று, முதல் உலகப் போரின் நடுவில், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜேர்மனி நாடு முழுவதும் கொண்டுவந்தது. மூன்று வாரத்தில் பிரிட்டன் பின்தொடர்ந்தது.

அங்கே அது ஓரளவுக்குப் பொருந்தியதற்குக் காரணம், அங்கே கோடையில் வெளிச்சம் மிஞ்சிக் கிடக்கிறது. லண்டனில் ஜூன் 21 அன்று பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேல். மணிக்கூட்டைத் தள்ளாவிட்டால் அதிகாலை 3:43க்கே சூரியன் வந்துவிடும், ஊர் அப்போது தூங்கும். அந்த வீணாகும் வெளிச்சத்திலிருந்து ஒரு மணித்தியாலத்தை வெட்டி மாலையில் ஒட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை, வெட்ட ஒன்றும் இருக்காது, ஆகவே பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே. அங்கே மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணித்தியாலம், மிகக் குறுகிய பகல் பதினொன்றே முக்கால். ஆண்டு முழுவதும் சேர்த்து வித்தியாசம் முக்கால் மணித்தியாலம்தான். வெட்டி ஒட்ட மிச்சத் துணி இல்லை. மாலையில் ஒரு மணித்தியாலம் கொடுத்தால் அதை அப்படியே காலையிலிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். மே 25இல் 5:53க்கு வந்த சூரியன் புது நேரத்தில் 6:53க்கு வந்தது. பாடசாலை மணி அடிப்பது ஏழரைக்கு. பஸ் பிடித்துப் போகும் பிள்ளை வீட்டை விட்டு ஆறு, ஆறேகாலுக்கு இறங்க வேண்டும், கும்மிருட்டில். மாலையில் அணைத்த விளக்கைக் காலையில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். மாலை உச்சத் தேவையை இது கொஞ்சம் தளர்த்தியிருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஐரோப்பியர் செய்த அதே காரியம் என்று இதைச் சொல்வது சரியில்லை. அது கோடைக்கு மட்டும் போடும் சட்டை. இதை ஆண்டு முழுவதும் போடச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று பாதி வாபஸ். நேரம் அரை மணித்தியாலம் பின்னால் வந்து ஆறில் நின்றது. அப்படி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்க்கலாம். கொழும்பில் சூரியன் மிகப் பிந்தி வருவது ஜனவரிக் கடைசியில், ஐந்தரைக் கணக்கில் 6:28 அளவில். ஆறரைக் கணக்கில் அது 7:28. அதாவது பாடசாலை மணியும் சூரியனும் சேர்ந்து வரும். முன்னே சொன்ன பத்து நிமிடம் இங்கேதான் கணக்கில் ஏறுகிறது. ஏற்கெனவே சூரியனை முந்தி ஓடும் மணிக்கூட்டை மேலும் தள்ளினால் காலை இன்னும் இருட்டும்.

வறட்சி போனது, ஆறு போகவில்லை. ‘தற்காலிகம்’ பத்து வருடம் நீடித்தது.

இந்தப் பத்து வருடத்தில் அதிகம் அல்லாடியவர் பஞ்சாங்கம் பார்ப்பவர்தான். ராகுகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடமாக வைத்திருப்பது, சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிறது என்று வைத்து, பகலை எட்டாகப் பிரித்துப் போட்ட கணக்கு. சூரியன் ஆறரைக்கு உதிப்பதாக மணிக்கூடு சொல்லத் தொடங்கினால் அந்த மனப்பாடம் பிழை. திங்கள் ராகுகாலம் எட்டு முதல் ஒன்பதரை ஆகிவிடும். ராகு அரசாங்க வர்த்தமானி வாசிப்பதில்லை. நல்ல காரியம் ஏதாவது என்றால் ‘இது பழைய நேரமா, புது நேரமா?’ என்று ஒரு தடவை கேட்டுத் தெளியாமல் முடியாது.

இன்னொரு பக்கம், தீவுக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடியது. விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் ஐந்தரையிலேயே நின்றன. போர் நடந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் போக்குவரத்தே இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் வவுனியா தாண்டி ஓமந்தைக்கு வருவார். பை, பெட்டி எல்லாவற்றையும் இறக்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, சூனியப் பிரதேசத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஏறினால் நேரம் அரை மணித்தியாலம் பின்னால். இராணுவத்தின் காவலரணில் பத்தரை என்றால் அந்தப் பக்கத்து அரணில் பத்து. வன்னியைக் கடந்து முகமாலையில் மறுபடியும் இராணுவப் பக்கம் ஏறும்போது அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே வீதி, ஒரே பகல், கைமணிக்கூட்டை இரண்டு தரம் திருக வேண்டும். ஒரு நாட்டுக்குள்ளே பல நேர வலயங்கள் இருப்பது அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் சகஜம். ஆனால் அங்கே சூரியனுக்காகப் பிரித்த நேரம் கிழக்கும் மேற்குமாகப் பிரியும். இங்கே தெற்கே வவுனியா, வடக்கே யாழ்ப்பாணம், நடுவில் வன்னி. சூரியனுக்கு இதில் வேலையே இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு இன்னொரு தலையிடி. லண்டனில் குளிர்காலம் என்றால் கொழும்புடன் ஆறு மணித்தியால வித்தியாசம், கோடை என்றால் ஐந்து. முழு எண் என்பதால் உண்மையில் இந்தப் பத்து வருடமும் கணக்குச் சுலபம்! 1996 அக்டோபரில்தான் நல்ல குழப்பம். 26ஆம் தேதி சனிக்கிழமை கொழும்பு அரை மணித்தியாலம் பின்வாங்கியது. மறுநாள் ஞாயிறு லண்டனும் டொரொன்டோவும் கோடை நேரத்தை முடித்து ஒரு மணித்தியாலம் பின்வாங்கின. வெள்ளிக்கிழமை ஐந்தரையாக இருந்த லண்டன் வித்தியாசம் சனிக்கிழமை ஐந்து, ஞாயிறு ஆறு. அந்த வார இறுதியில் நேரம் சொல்லிவைத்து அழைத்தவர்களில் எத்தனை பேர் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டார்களோ.

இப்போதும் அந்தத் தலையிடி முற்றாகப் போகவில்லை, ஆனால் குழப்பம் கொழும்புப் பக்கம் அல்ல. பிரிட்டன் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு மாறி, அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்புகிறது. கனடாவின் டொரொன்டோ 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்புகிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் இடையே வழக்கமான ஐந்துக்குப் பதில் நான்கு மணித்தியாலம்தான். மூன்று நாட்டில் சிதறிய குடும்பம் வாட்ஸப்பில் ஒன்றாகக் கூடும்போது ஒருவர் மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தி வருவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். அவரைத் திட்டுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

சரி, 2006க்கு வருவோம். மகிந்த ராஜபக்ச ஆட்சிக்கு வந்து அரை வருடம் ஆகவில்லை. இருட்டில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் முறைப்பாடு பத்து வருடமாக இருந்தது. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14. அன்றிரவு நடுச்சாமம் கழிந்து பன்னிரண்டரை ஆனபோது மணிக்கூட்டை மறுபடியும் பன்னிரண்டுக்கு வைத்தார்கள். ஐந்தரை திரும்பி வந்தது.

மனிதர் திரும்பினார்கள், கணினிகள் திரும்பவில்லை. விண்டோஸில் இலங்கைக்கு ஆறு என்றுதான் எழுதியிருந்தது. புதிய பதிவு வந்து சேரும்வரை சுலபமான வழி, பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா’ என்ற வரியைத் தேர்ந்தெடுப்பது. மணி சரியாகக் காட்டும். ஆனால் கணினியின் கண்ணில் அந்த அலுவலகம் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்த வலயத்தின் பழைய பதிவில் 1996 மாற்றம் இல்லை. நாம் தொடக்கத்தில் பார்த்த இரண்டு வரிகளின் கதை இதுதான்.

விண்டோஸ் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் எல்லாம் நம்பியிருப்பது வேறொரு பதிவேட்டை. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கியது. பால் எகர்ட் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறார். எந்த அரசு எந்த நாளில் மணிக்கூட்டைத் தொட்டாலும் அதில் ஒரு வரி ஏறும். அங்கே இலங்கை என்று ஒரு பெயர் இல்லை, ‘ஆசியா/கொழும்பு’ என்றுதான் இருக்கும். நாடுகளின் எல்லையும் பெயரும் மாறும், ஊர் அங்கேயே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குத்தான்.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. அது சாதகம் பார்க்கும்போது தெரியும்.

1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கைபேசிச் செயலி ஒரு நொடியில் சாதகக் கட்டத்தைப் போட்டுத் தந்துவிடும். கொழும்பில் 2003இல் காலை 6:10க்குப் பிறந்த பிள்ளை என்றால் செயலி பதிவேட்டைப் பார்த்து அன்று ஆறு என்று எடுத்துக்கொள்ளும், சரியாக வரும். பதிவேட்டைப் பார்க்காமல் எப்போதும் ஐந்தரை என்று வைத்திருக்கும் மலிவான செயலி அரை மணித்தியாலம் பிழைவிடும். 1996 மே 25 அன்று அதிகாலை 12:40க்குப் பிறந்ததாக யாராவது எழுதிக் கொடுத்தால் அது பழைய நேரமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அன்று புது நேரத்தில் 12:40 என்று ஒன்று வரவே இல்லை. 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12:10 என்றால் அது இரண்டு தரம் வந்தது, எந்த 12:10 என்று கேட்க வேண்டும்.

அரை மணித்தியாலம் பெரிய விஷயமா? லக்கினம் ஒரு ராசியைக் கடக்கச் சுமார் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, லக்கினமே மாறிவிடும். ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சம் என்றால் வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. அது பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நகரும், அரை மணித்தியாலத்தில் இரண்டு கட்டம் தாண்டிவிடும். சாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர் இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். நம்புகிறவர் குறைந்தபட்சம் சரியான மணியை வைத்தாவது நம்ப வேண்டும் இல்லையா?

அதே 6:10, அதே 2003, பிறந்த ஊர் மட்டும் கிளிநொச்சி என்று வையுங்கள். செயலி கிளிநொச்சியையும் ‘ஆசியா/கொழும்பு’ என்றே எடுத்துக்கொண்டு ஆறு என்று கணக்குப் போடும். பதிவேடும் சரி, செயலியும் சரி, பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரில் அன்று ஓடியது ஐந்தரை. அதிலும் பிரசவ விடுதியில் நேரத்தைக் குறித்த தாதி ஊர் நேரத்தைப் பார்த்து எழுதினாரா, அரசாங்கப் படிவம் என்பதால் கொழும்பு நேரத்துக்கு மாற்றி எழுதினாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்: அந்தச் சுவரில் தொங்கிய மணிக்கூடு பழைய நேரமா, புது நேரமா?